வளரும் நகரமும் பொதுப் போக்குவரத்தும்

தொழில், கல்வி, மருத்துவம், வாணிகம் ஆகிய யாவற்றையும் ஓரிடத்திலே எளிதிற் பெறலாமென்னும் எண்ணத்தினாலேயே மக்கள் நகரங்களை நாடி வருகின்றனர். ஆயின், மக்கள் வந்து கூடுந்தோறும் நகரம் பரக்கின்றது. நகரம் பரக்குந்தோறும் உறைவிடத்துக்கும் தொழிலிடத்துக்கும் இடையேயுள்ள தூரம் நீளுகின்றது. எந்த எளிமையை நாடி மக்கள் வந்தனரோ, அந்த எளிமை வீதியிலேயே அழிந்துபோகின்றது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்குப் பொதுப் போக்குவரத்து இன்றியமையாததென்பதை இன்று மறுப்பார் இலர். எத்தகைய பொதுப் போக்குவரத்து என்பதிலேதான் கருத்து வேற்றுமை எழுகின்றது.

பஸ் வண்டியா, டிராம் வண்டியா, இலகு புகையிரதமா, நிலக்கீழ்ப் புகையிரதமா என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் வண்டியின் தோற்றத்தையும் வேகத்தையும் புதுமையையும் கொண்டே விடை கூறப்படுகின்றது. பிறநாட்டுத் தலைநகரொன்றிலே கண்ட வண்டி தம் நகருக்கும் வேண்டுமென விழைவோர் பலர். இவ்விழைவு இயல்பானதே, ஆயினும் ஆராய்ச்சியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளலாகாது. வண்டியைத் தெரிவதற்கு முன் வழியைத் தெரிதல் வேண்டும். வழியைத் தெரிவதற்கு முன் பிரயாணிகளை எண்ணுதல் வேண்டும். இம்முறையை விளக்கி, கொழும்பு மாநகரின் வரலாற்றைக் கொண்டு அதனைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவதாக, எண்ணும் முறையை நோக்குதல் தகும். ஒரு நகரிலே நாளொன்றுக்கு எத்தனை இலட்சம் பேர் பிரயாணஞ் செய்கின்றனர் என்னுந் தொகை பெரிதாகத் தோன்றினும், வண்டியைத் தெரிவதற்கு அஃது அதிகம் உதவுவதில்லை. காலை நெருக்கடி வேளையில், குறித்த ஒரு மார்க்கத்தில், ஒரு திசையை நோக்கி, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர் செல்கின்றனர் என்பதே அறியவேண்டிய தொகையாம். குளத்துக்கு வான் அமைப்பவன் ஓராண்டில் பெய்யும் மழையின் மொத்தத்தைக் கொண்டு அதன் அகலத்தை முடிவு செய்வதில்லை. பெருவெள்ள நாளிலே வந்து மோதும் நீரின் அளவையே அவன் கருதுவான். நகரப் போக்குவரத்தும் அத்தகையதே. காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே வரும் வெள்ளத்தைத் தாங்காத ஏற்பாடு, நண்பகலிலே எவ்வளவு வசதியாக இருந்தும் பயனில்லை.

இனி, ஒவ்வொரு சாதனமும் தாங்கக்கூடிய அளவு யாதெனக் காண்போமாயின், சிறு கணக்கொன்றே பல ஐயங்களைத் தெளிவிக்கும். சமிக்ஞை விளக்குகளையுடைய நகர வீதியொன்றிலே, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் ஒரு நிரலில், ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 800 கார்கள் செல்லலாமெனக் கொள்க. காரொன்றில் சராசரி ஒன்றரைப் பேர் வீதம் சென்றால் மொத்தம் 1,200 பேராவர். அதே நிரலிலே நிமிடத்துக்கு ஒன்றாக, 70 பேரை ஏற்றிய பஸ்கள் 60 சென்றால் 4,200 பேர் செல்வர். நிரல் முழுவதையும் பஸ்களுக்கே ஒதுக்கி, நிறுத்துமிடங்களையும் ஒழுங்குபடுத்தினால், ஒரு மணித்தியாலத்தில் 8,000 பேர் வரையிலும் செல்லல் கூடும். தனிவழியிற் செல்லும் இலகு புகையிரதம் 10,000 முதல் 20,000 பேர் வரையில் ஏற்றவல்லது. மெட்ரோ எனப்படும் விரைவுப் புகையிரதமோ 30,000 பேருக்கு மேல் ஏற்றும். மிகச் சிறந்த அமைப்புகள் அதனிலும் இருமடங்கு ஏற்றுகின்றன. இவையெல்லாம் அண்ணளவான எண்களே. வண்டியின் நீளம், வண்டிகளுக்கிடையேயுள்ள கால இடைவெளி, நிலையத்தில் ஏறி இறங்கும் நேரம் ஆகியவற்றுக்கேற்ப இவை கூடியும் குறைந்தும் வரும்.

இவ்வெண்களினின்று பெறப்படும் முடிபு தெளிவானது. 3,000 பேர் மட்டுமே செல்லும் மார்க்கத்தில் மெட்ரோ அமைப்பது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும். 20,000 பேர் செல்லவேண்டிய மார்க்கத்தை மற்றை வண்டிகளோடு கலந்து ஓடும் பஸ்களிடம் விட்டுவிடுவது மக்களின் வாழ்நாளை வீணாக்குவதாகும். முன்னைய நட்டம் கணக்குப் புத்தகத்திலே தோன்றும். பின்னையது எந்தக் கணக்கிலும் தோன்றாது. ஆதலினாலேயே அது நெடுங்காலம் பொறுக்கப்படுகின்றது.

இரண்டாவதாகக் கருதவேண்டியது வழி. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய வூக்கான் வூச்சிக் என்பார் பொதுப் போக்குவரத்தின் வழிகளை மூவகையாக வகுத்தார். மற்றை வண்டிகளோடு கலந்து செல்லும் பொதுவழி ஒன்று. தரையிலேயே கட்டுக்கல்லாலோ வேலியாலோ பிரிக்கப்பட்டு, சந்திகளில் மட்டும் மற்றை வீதிகளைக் குறுக்கே கடக்கும் அரைத்தனிவழி மற்றொன்று. நிலத்தின்கீழோ மேம்பாலத்திலோ, வேறெதனாலும் குறுக்கிடப்படாது செல்லும் முழுத்தனிவழி மூன்றாவது. வண்டியின் வேகத்தையும் நேரந்தவறாமையையும் பெரும்பாலும் நிருணயிப்பது இவ்வகுப்பே. தண்டவாளத்திலே ஓடுவதாயினும், பொதுவழியிலே செல்லும் டிராம் வண்டி முன்னே நிற்கும் லொறியைத் தாண்டிச் செல்ல மாட்டாது. விலகிச் செல்லவும் மாட்டாது. தனிவழி பெற்ற பஸ்ஸோ புகையிரதத்தையொத்த விரைவோடு செல்லும். ஆகவே, பஸ் தாழ்ந்தது, புகையிரதம் உயர்ந்தது என்று பொதுவாகக் கூறுதல் பொருந்தாது.

பிரேசில் நாட்டின் குரிடிபா நகரம் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும். கட்டடக்கலைஞரான ஜைமி லேர்னர் அந்நகரின் நகரபிதாவாக இருந்த காலத்தில், 1974ஆம் ஆண்டு, அங்கே பெருவீதிகளின் நடுவே பஸ்களுக்கெனத் தனிவழி திறக்கப்பட்டது. உயர்ந்த கட்டடங்கள் அவ்வழிகளை அடுத்தே எழும்பும் வண்ணம் நகரமைப்பு விதிகளும் வகுக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டு முதல், பிரயாணிகள் முன்னரே கட்டணஞ் செலுத்தி, பஸ்ஸின் தளத்தோடு சமமட்டமான மேடையிலிருந்து படியேறாது உட்புகத்தக்க குழாய் வடிவ நிலையங்கள் அமைந்தன. மெட்ரோ அமைத்தற்கு வேண்டிய செலவின் சிறு பகுதியிலேயே இவையெல்லாம் கைகூடின. இதனைப் பின்பற்றி, கொலம்பிய நாட்டுத் தலைநகரான பொகோட்டா 2000ஆம் ஆண்டு டிசெம்பரில் டிரான்ஸ்மிலெனியோ என்னும் பஸ் அமைப்பைத் தொடங்கியது. நிலையங்களில் ஒரு பஸ்ஸை மற்றொன்று கடந்து செல்லத்தக்கதாக அங்கே இரட்டை நிரல்கள் அமைக்கப்பட்டமையால், ஒரு மணித்தியாலத்தில் ஒரு திசையில் 40,000 பேர் வரையில் ஏற்றல் இயன்றது. ஆயினும், அவ்வளவு பெருந்தொகையினரை பஸ்ஸில் ஏற்றுவதால் நெரிசல் பொறுத்தற்கரியதாயிற்று. பொகோட்டாவும் பின்னர் மெட்ரோ அமைக்கும் வேலையைத் தொடங்கியது.

சிங்கப்பூர் இதற்கு மாறான முடிவைக் கொண்டது. அங்கே 1970ஆம் ஆண்டுகளிலும் 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் நடைபெற்ற வாதம் இத்துறையிலே புகழ்பெற்றது. பஸ்களைப் பெருக்கினாலே போதும், புகையிரதம் வேண்டுவதில்லை என 1980ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழுவொன்று ஆலோசனை கூறியது. மேலும் ஆராய்ந்தபோது, நகர மத்திக்கு வரும் பிரயாணிகள் அனைவரையும் பஸ்ஸிலேயே ஏற்றுவதாயின் அங்குள்ள வீதிகள் அத்தனை பஸ்களுக்கும் இடங்கொடா எனக் கண்டனர். 1982ஆம் ஆண்டு மே மாதம் பெருவிரைவுப் புகையிரதம் அமைக்க முடிவு செய்யப்பட்டு, 1987ஆம் ஆண்டு நவம்பரில் முதற்பகுதி திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1975ஆம் ஆண்டில், நெருக்கடி வேளையில் நகர மத்தியுட் புகும் கார்களிடம் கட்டணம் அறவிடும் முறையும் நடைமுறைக்கு வந்திருந்தது. குரிடிபாவும் சிங்கப்பூரும் வெவ்வேறு வண்டிகளைத் தெரிந்தன. ஆயினும், இரண்டும் ஒரே முறையைக் கையாண்டன: பிரயாணிகளை எண்ணின, அவர்களுக்கு வழி ஒதுக்கின, அவ்வழியை அடுத்து நகரை வளர்த்தன.

மூன்றாவதாகக் கருதவேண்டியது செலவு. ஒரு கிலோமீற்றர் தரைவழியிலும் மேம்பாலவழிக்கும், மேம்பாலவழியிலும் சுரங்கவழிக்கும் செலவு பன்மடங்கு உயரும். எனினும், அமைக்குஞ் செலவை மட்டும் நோக்குதல் போதாது. பஸ்ஸை வாங்குவது மலிவு. ஆனால், 70 பேருக்கு ஒரு சாரதி வேண்டும். புகையிரதமோ அமைக்கப் பெருஞ்செலவாகும். ஆனால், ஆயிரம் பேரை ஒரு சாரதி கொண்டுசெல்வார். ஆதலின், பிரயாணிகள் பல்கும் மார்க்கத்தில் பஸ்ஸின் மலிவு நாளடைவில் மறைந்துபோகும். எரிபொருள் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி இல்லாமையால் எரிபொருள் கிடையாதபோது, இலங்கை மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றனர், பாடசாலைகளும் மூடப்பட்டன. நீராலும் காற்றாலும் வெயிலாலும் உள்நாட்டிலே மின்சாரம் பெறக்கூடிய நாடு, மின்சாரத்தால் ஓடும் வண்டிகளைக் கருத்திற் கொள்ளாதிருத்தல் தகாது.

இவ்வளவைகளைக் கொண்டு கொழும்பை நோக்கும்போது, இம்மாநகர் ஏறத்தாழ எல்லாச் சாதனங்களையும் ஒருமுறையேனும் கையாண்டு பார்த்ததென்பது புலனாகும். 1865ஆம் ஆண்டில் அம்பேபுஸ்ஸ வரையும், 1867ஆம் ஆண்டில் கண்டி வரையும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருதலே அதன் நோக்கமாக இருந்தது. தெற்கே கரையோரமாகச் சென்ற பாதை 1895ஆம் ஆண்டில் மாத்தறையை அடைந்தது. நீர்கொழும்பு, புத்தளம் நோக்கி ஒன்றும், அவிசாவளை நோக்கி ஒன்றுமாக மேலும் இரண்டு பாதைகள் பின்னர் அமைந்தன. நகரப் பிரயாணிகளை எண்ணி அமைக்கப்படாதனவாயினும், அவை தமக்கெனத் தனிவழி உடையன; ஆதலின், இன்றும் நாள்தோறும் பெருந்தொகையினர் புறநகர்களிலிருந்து அவற்றாலேயே வந்து போகின்றனர்.

நகரத்துக்குள்ளே 1899ஆம் ஆண்டு முதல் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. கோட்டையிலிருந்து ஒரு மார்க்கம் கிராண்ட்பாசுக்கும், மற்றொன்று மருதானை வழியாகப் பொரளைக்கும் சென்றது. நகர வாழ்விலே அவை எத்துணை இடம்பெற்றிருந்தன என்பதை, 1929ஆம் ஆண்டில் ஏ. ஈ. குணசிங்க தலைமையிலே நடந்த டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் காட்டும். 1944ஆம் ஆண்டில் மாநகரசபை அச்சேவையைப் பொறுப்பேற்றது. 1953ஆம் ஆண்டு முதல், தண்டவாளமின்றி மேற்கம்பியால் மின்சாரம் பெற்று ஓடும் டிரொலி பஸ்கள் வந்தன. டிராம் 1960ஆம் ஆண்டிலும், டிரொலி பஸ் 1964ஆம் ஆண்டிலும் மறைந்தன. இரண்டும் மற்றை வண்டிகள் செல்லும் வீதியிலேயே சென்றன. மோட்டார் வண்டிகள் பெருகி வீதி நெருங்கியபோது, இடையூறு செய்தவை எனக் கருதப்பட்டவை அவையே. தமக்கென வழியின்மையால், அகற்றப்பட்டபின் அவை இருந்த சுவடும் எஞ்சவில்லை.

பஸ் சேவையின் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டும். தனியார் கம்பனிகள் நடத்திய பஸ்கள் 1958ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1979ஆம் ஆண்டில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. இன்று அரச பஸ்களும் தனியார் பஸ்களும் ஒரே மார்க்கத்தில் ஓடுகின்றன. தனியார் பஸ்ஸின் வருமானம் அன்றன்று சேரும் கட்டணமே. ஆகையால், பிரயாணிகள் நிறையும்வரை அது தரிப்பிடத்திற் காத்துநிற்கும். நிறைந்தபின் முன்செல்லும் பஸ்ஸை முந்த விரையும். சாரதியின் குணத்தைக் குறைகூறுவதாற் பயனில்லை. வருமானம் பெறும் முறையே அவரை அவ்வாறு இயக்குகின்றது. ஓடிய கிலோமீற்றருக்கு ஏற்பப் பணங்கொடுத்து, கட்டணத்தைப் பொதுவான ஒரு நிதியிற் சேர்க்கும் முறை பிறநாட்டு நகரங்கள் பலவற்றிலே உண்டு. அம்முறையில், காத்துநிற்பதாலும் முந்துவதாலும் எவருக்கும் ஆதாயமில்லை. வண்டி மாறாமலே முறை மாறினால் சேவையும் மாறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

1982ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைக்கு மாறியது. அதன்பின் அரச அலுவலகங்கள் பல பத்தரமுல்லையில் அமைந்தன. அதற்கப்பால் மாலபேயும் வளர்ந்தது. நகரம் பெருவேகத்தோடு வளர்ந்த இத்திசையிலே புகையிரதப் பாதை இல்லை. அவிசாவளைப் பாதை தெற்கே நுகேகொடை, மகரகமை வழியாக விலகிச் செல்கின்றது. ஆதலின், இம்மார்க்கத்துக்கென, கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீற்றர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இலகு புகையிரதம் திட்டமிடப்பட்டது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானுடன் கடனுடன்படிக்கை கைச்சாத்தாகியது. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 0.1, திருப்பிச் செலுத்தும் காலம் 40 ஆண்டுகள். 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில், செலவு மிகுதியென்றும் கொழும்புக்குப் பொருத்தமற்றதென்றும் காரணங் கூறி, அரசாங்கம் அதனைக் கைவிட்டது.

அம்முடிவு சரியோ பிழையோ என வாதிப்போர், இரு பக்கத்தாரும், வண்டியைப் பற்றியே பேசினர். செலவு மிகுதியென்பது ஆராயத்தக்க காரணமே. ஆயின், ஒரு சாதனத்தை மறுப்பவர் மற்றொன்றைக் காட்டுங் கடமையும் உடையர். இலகு புகையிரதத்துக்குப் பணமில்லையெனின், அதே மார்க்கத்தில் பஸ்களுக்குத் தனி நிரல் ஒதுக்குவதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. அதற்கு வேண்டியது, ஒருவரை மட்டும் ஏற்றிச் செல்லும் காருக்கும் 70 பேரை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கும் வீதியிலே சம உரிமை உண்டோ என்னும் வினாவுக்கு விடை கூறும் துணிவே. கொழும்பு வீதிகளிற் செல்லும் வண்டிகளிலே பஸ்கள் சிறுபகுதியே. பிரயாணிகளிலோ பெரும்பகுதியினர் பஸ்ஸிற் செல்வோர். மாணவரும் எழுதுவினைஞரும் தாதிமாரும் கூலித்தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். வீதியைப் பங்கிடும்போது எண்ணப்படவேண்டியவர்கள் அவர்களே.

வழியின் பெறுமதியை யாழ்ப்பாணத்து மக்கள் நேரே கண்டிருக்கின்றனர். 1990ஆம் ஆண்டு சூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. தொடர்ந்த போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. நிலையங்கள் சிதைந்தன. ஆயினும், புகையிரதப் பாதைக்குரிய நிலம் பாதைக்குரியதாகவே எஞ்சியது. ஆதலாலேயே, 24 ஆண்டுகள் கழிந்தபின், இந்திய உதவியோடு 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015ஆம் ஆண்டு சனவரியில் காங்கேசன்துறை வரையும் வண்டி மீண்டும் வரமுடிந்தது. இடைக்காலத்தில் அந்நிலம் மனைகளாகப் பங்கிடப்பட்டிருப்பின், எத்துணைப் பணம் கிடைத்தும் அஃது எளிதிற் கைகூடியிராது. கொழும்பின் டிராமோ, போரின்றியே சுவடற்று மறைந்தது. வண்டி அழிந்தாலும் வழி எஞ்சினால் அது மீளும் என்பதற்கு இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் போதுமானது.

வளர்ந்துவரும் சிறு நகரங்களுக்கு இதனாற் பெறப்படும் அறிவுரை பெரிதும் பயன்படத்தக்கது. யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற நகரங்களுக்கு இன்று இலகு புகையிரதமோ மெட்ரோவோ வேண்டுவதில்லை. நேரந்தவறாத பஸ் சேவையும், துவிச்சக்கர வண்டிக்கும் கால்நடைக்கும் இடந்தரும் நிழல் வீதிகளும், பஸ் நிலையமும் புகையிரத நிலையமும் நடந்து செல்லும் தூரத்தில் இணைந்திருத்தலும் அவற்றுக்குப் போதுமானவை. ஆயின், நாளை வேண்டப்படும் வழியை இன்றே ஒதுக்கிவைத்தல் அவற்றின் கடமையாகும். பெருவீதிகளின் இருமருங்கிலும் கட்டடங்கள் எழுமுன் சில மீற்றர் அகலம் ஒதுக்குவதற்குச் செலவு சிறிது. கட்டடங்கள் எழுந்தபின் அதே அகலத்தைப் பெறுவதற்கு, நகரத்தவர் வீடுகளையும் கடைகளையும் இழக்க நேரும்.

ஆகவே, தக்க சாதனத்தைத் தெரிதலென்பது பொறியியலறிஞருக்கு மட்டும் உரிய வேலையன்று. நெருக்கடி வேளையில் ஒரு சந்தியில் நின்று, எத்தனை வண்டிகள் சென்றன என்பதோடு, அவற்றுள் எத்தனை பேர் சென்றனர் என்பதையும் எண்ணுதல் உயர்வகுப்பு மாணவருக்கும் இயலும். புவியியலும் கணிதமும் குடியியலும் பயிலும் மாணவர் தத்தம் நகரின் பிரதான சந்தியிலே அக்கணக்கை எடுத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டு வருவார்களாயின், நகரசபைக்கு அதனிலும் பயனுள்ள உதவி வேறொன்று இராது. கணக்கு கையிலிருப்பின், இன்ன வண்டி வேண்டுமென்னும் ஆரவாரத்துக்கு நடுவே, இன்னார்க்கு இன்ன வழி வேண்டுமெனத் தெளிவாகக் கேட்டல் நகர மக்களுக்கு இயலும்.